புரிந்துணர்வு ஒப்பந்தம், பாடாங் செராய்

பதாகையில் ஆறு சின்னங்கள்.
கோலாலம்பூர் இணையப் பாதுகாப்புச் சங்கம் நடுவில்,
எங்கள் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பால்வாளி
ஓரத்தில், கொஞ்சம் மங்கி.
பால்மரம் சாய்த்துச் செம்பனை நட்டு
முப்பது வருடமாயிற்று.
சின்னத்தை மாற்ற யாருக்கும் நேரமில்லை.

படிவத்தில் எங்களைப் பங்காளி அமைப்புகள் என்று
யாரோ தமிழாக்கியிருந்தார்கள்.
பங்காளி என்றால் இங்கே வேலித் தகராறு.
சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டோம்.
ஒப்பந்தம் பத்தே காலுக்கு முடிந்தது.
புரிந்துணர்வுக்கு
அடுத்த தீபாவளி வரை ஆனது.

ஹஸ்லினா கேட்டாள்:
அலுவலகக் கணினியின் கடவுச்சொல்
யாருக்கெல்லாம் தெரியும்?
நான் நாட்காட்டியைப் பார்த்தேன்.
அவளும் பார்த்தாள்.
ராகுகாலத்துக்குக் கீழே, என் கையெழுத்தில், எட்டு எழுத்து.
கோயில் தலைவர் தணிகாசலத்துக்குச் சாமி பெயரும்
ஒன்று இரண்டு மூன்றும்.
"கடவுச்சொல்லில் முக்கால்வாசி கடவுள்தானேம்மா,
அவரே பார்த்துக்குவாரு."

மானியம் பன்னிரண்டாயிரம் ரிங்கிட்.
பள்ளிக்கு நாற்காலி, கோயிலுக்குக் கேமரா,
எங்களுக்குப் புதுக் கணினி.
தே தாரிக் ஆடை கட்டும்வரை பேசினோம்.
அவள் கேட்டது
சம்பளம் போட்ட சனிக்கிழமைகளில் ஒரு மேசை,
கோபப்படாத ஓர் ஆள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர் பட்டியலை
ஐசி எண்ணோடு நீட்டினேன்.
"எங்களுக்கும் தராதீங்க, அக்கா.
எங்களுக்கு முதல்ல தராதீங்க."
வந்தவர்கள் எல்லோரும் எதையோ கேட்ட ஊரில்
வாங்க மறுத்த முதல் கை அது.

பிறகு ஒத்திகை.
பொய்க் குறுஞ்செய்தி ஒன்று நாங்களே அனுப்புவது,
எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று எண்ணுவது.
அவர்கள் எழுதிவந்த தமிழில் "மதிப்பிற்குரிய பயனரே" இருந்தது.
அதை யார் நம்புவார்?
நான் திருத்தினேன்:
*லாப ஈவு வந்திருக்கு. முந்நூற்று எண்பது வெள்ளி.
இன்னிக்கே இங்க தொட்டு ஐசி நம்பர் போடுங்க.*

தொண்ணூற்றேழு பேர்.
என் தமிழை நம்பித் தொட்டவர்கள்.
வரிசையில் நாற்பதாவது
செம்பனை வெட்டும் சிவஞானம்,
இரவு இரண்டு நாற்பதுக்கு.
போன வருடம் வைப்புநிதிப் பணம் மொத்தமும்
ஏதோ ஒரு குரலுக்குக் கொடுத்துவிட்டு
யாரிடமும் சொல்லாதவர்.
எனக்குத் தெரியும், கணக்கு என் கையில்.

நான்கு சனிக்கிழமை மேசை காலி.
ஏமாந்தேன் என்று சொல்ல
கூட்டுறவுப் படியேற யாருக்குக் கால் வரும்?

கைப்பேசிக் கடை லிம் சூன் ஹுவாட்
ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தவர்.
காகிதம் வேண்டாம், மேசையைக் கொண்டுவா என்றார்.
அவர் கடைக்குள் எவரும்
கண்ணாடி ஒட்ட வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.
முதல் நாள் பதினோரு பேர்
கண்ணாடி ஒட்ட வந்தார்கள்.
சிவஞானம் மூன்றாம் வாரம்.
உறை ஒன்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தபடி
சொல்லி முடித்தார்.
உறையும் வாங்கினார்.

அறிக்கையில் பங்காளிகள் என்ற கட்டத்தில்
ஐந்து பெயருக்கு இடம்.
ஆறாவதை ஓரத்தில் எழுதினேன்.

இந்த மாசியில் உண்மையாகவே லாப ஈவு வந்தது.
உண்மையாகவே குறுஞ்செய்தி அனுப்பினேன்.
ஒருவர்கூடத் தொடவில்லை.
மறுநாள் எட்டு மணிக்கு
அலுவலக வாசலிலிருந்து பேருந்து நிலையம் வரை வரிசை,
வெயிலில், கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி.
என் ஒரு நாள் வேலை போயிற்று.
ஹஸ்லினாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.
அவளும் உடனே திறக்கவில்லை,
அழைத்துக் கேட்டாள்.

முதல் ஆளாய் சிவஞானம்.
"கணக்கம்மா, இத அனுப்புனது நீங்கதானா?"
நான்தான்.
"நிசமா?"
நிசமாத்தான்.
கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.
பிறகு ஐசியை எடுத்து
என் கையில் தராமல்
தூரத்திலிருந்தே காட்டினார்.